நூற்றொரு வயது வாழ்ந்த வேதியியலறிஞர் ஜோயல் ஹில்டபிராண்ட்

அறிவியலில் பெருஞ்செயல் புரிந்தோர் பெரும்பாலும் இளமையிலேயே அதைச் செய்து முடித்துவிட்டனர் என்பது நாம் அடிக்கடி கேட்கும் பேச்சு. முப்பது வயதுக்குள் ஒருவர் பெயர் பெறாவிட்டால் அவரிடம் இனி எதிர்பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்று சொல்வோரும் உண்டு. இப்பேச்சில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆயினும் வேதியியலின் வரலாறு இதற்குச் சில மறுப்புகளைத் தன்னுள் கொண்டுள்ளது. கொழுப்புகளின் அமைப்பை ஆராய்ந்த பிரெஞ்சு அறிஞர் செவ்ரூல் 1786-இல் பிறந்து 1889-இல், தம் 102-ஆம் வயதில் மறைந்தார். அவருக்கு இணையாகச் சொல்லத்தக்க மற்றொருவர் அமெரிக்க நாட்டு ஜோயல் ஹென்றி ஹில்டபிராண்ட். 1881-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் பிறந்த இவர், 1983-ஆம் ஆண்டு ஏப்ரல் 30-ஆம் நாள் காலமானார். பணி ஓய்வு பெற்றது 1952-இல். அதாவது, ஓய்வு பெற்ற பின்னர் மட்டும் ஏறத்தாழ முப்பத்தோராண்டுகள் வாழ்ந்தார். அவற்றில் பெரும்பகுதியை ஆராய்ச்சியில் கழித்தார்.

நம் கல்லூரிகளில் ஒரு பேராசிரியர் ஓய்வு பெறும்போது பொன்னாடை போர்த்துகிறோம். துறையினர் அனைவரும் வரிசையாக நின்று புகைப்படம் எடுத்துக்கொள்கிறோம். மறுநாள் ஆய்வகச் சாவி அலுவலகத்திற்குப் போய்விடுகிறது. முப்பதாண்டுக் காலம் ஒருவர் மனத்தில் வைத்திருந்த வினாக்கள் அந்தச் சாவியோடு எங்கே போகின்றன என்று நாம் கேட்பதில்லை. ஹில்டபிராண்டின் வாழ்வை இங்கு எடுத்துக்கொண்டதற்கு இதுவே காரணம். நீண்ட ஆயுள் பெற்றோர் பலர் இருக்கலாம்; ஒரே வினாவை ஏறத்தாழ எழுபதாண்டுகள் விடாது பற்றி நின்றவர் மிகச் சிலரே.

அந்த வினா மிக எளியது. ஒரு பொருள் மற்றொன்றில் ஏன் கரைகிறது? வேறொன்றில் ஏன் கரைவதில்லை?

இளமையும் கல்வியும்

நியூ ஜெர்சி மாநிலத்தின் காம்டன் நகரில் பிறந்த ஹில்டபிராண்ட், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பயின்று 1903-இல் இளநிலைப் பட்டமும் 1906-இல் முனைவர் பட்டமும் பெற்றார். பின்னர் ஜெர்மனிக்குச் சென்று பெர்லின் நகரில் நெர்ன்ஸ்ட் அவர்களிடம் ஓராண்டு பயின்றார். நெர்ன்ஸ்ட் சமன்பாட்டை மின்வேதியியல் பாடத்தில் படித்து அல்லற்பட்ட நமக்கு அப்பெயர் புதியதன்று. தாயகம் திரும்பித் தம் பழைய பல்கலைக்கழகத்திலேயே சில ஆண்டுகள் கற்பித்தபின், 1913-இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் சேர்ந்தார். அதே ஆண்டில் ஹைட்ரஜன் மின்முனையைப் பகுப்பாய்விலும் கற்பித்தலிலும் பயன்படுத்துவது குறித்து அவர் எழுதிய கட்டுரை வெளிவந்தது. அமில-காரத் தரம் பார்த்தலின்போது ஹைட்ரஜன் அயனிச் செறிவு எவ்வாறு மாறுகிறது என்பதை வரைபடமாக மாணவர் கண்முன் காட்டும் முறை பரவுவதற்கு அக்கட்டுரை பெரிதும் உதவியது.

பெர்க்லியில் அப்போது துறைத்தலைவராக இருந்தவர் கில்பர்ட் லூயிஸ். முதலாண்டு மாணவர்களுக்கு மூத்த பேராசிரியர்களே பாடம் நடத்த வேண்டும் என்பது அங்கு நிலவிய கொள்கை. அப்பொறுப்பு ஹில்டபிராண்டிடம் வந்தது. ஓய்வு பெறும் வரையில் அவரிடம் பொது வேதியியல் கேட்ட மாணவர் தொகை ஏறத்தாழ 40,000 என்பர். 1918-இல் அவர் எழுதிய ‘வேதியியல் கோட்பாடுகள்’ என்னும் பாடநூல் பல பதிப்புகள் கண்டது. ஏழாம் பதிப்பு வெளிவந்த 1964-இல் ஆசிரியருக்கு வயது 82. முதலாண்டு வகுப்பென்றால் புதிதாகப் பணியில் சேர்ந்தவருக்கு ஒதுக்கிவிடலாம் என்னும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது; அதைப்பற்றி இங்கு அதிகம் சொல்ல விரும்பவில்லை.

முதல் உலகப் போரின்போது பிரான்சு நாட்டில் அமெரிக்கப் படையின் வேதிப்போர்ப் பிரிவில் பணியாற்றினார். இரண்டாம் போரின்போது இலண்டனில் அறிவியல் தொடர்பு அலுவலராக இருந்தார். இவ்விரண்டையும் தவிர்த்தால் அவருடைய வாழ்க்கை பெர்க்லியிலேயே கழிந்தது எனலாம்.

கரைசல் பற்றிய ஆராய்ச்சி

இனி அவருடைய முக்கிய ஆராய்ச்சிக்கு வருவோம். ரவுல்ட் விதியை நாம் அனைவரும் படித்திருக்கிறோம். கரைசலில் ஒரு பொருளின் ஆவியழுத்தம் அதன் மோல் பின்னத்திற்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பது அவ்விதி. அதற்கு முற்றிலும் கட்டுப்படுவது நல்லியல்புக் கரைசல். ஆனால் பென்சீன்-டொலுயீன் போன்ற சில இணைகளை விட்டால், உண்மையான கரைசல்களில் பெரும்பாலானவை விதியிலிருந்து விலகியே நிற்கின்றன. விலகுகின்றன என்று சொல்லிவிட்டுப் பாடநூல் அடுத்த பக்கத்திற்குப் போய்விடுகிறது. எவ்வளவு விலகும், அதை முன்கூட்டியே சொல்ல இயலுமா என்பதே ஹில்டபிராண்ட் எடுத்துக்கொண்ட சிக்கல்.

இதற்கு அவருக்குக் கை கொடுத்தது அயோடின். மாணவ நண்பர்கள் இதை நம் ஆய்வகத்திலேயே செய்து பார்க்கலாம். ஒரு சோதனைக் குழாயில் ஹெக்சேனும் மற்றொன்றில் எத்தனாலும் எடுத்து, ஒவ்வொன்றிலும் ஓர் அயோடின் துகளை இட்டால், முதலாவது ஊதாவாகவும் இரண்டாவது பழுப்பாகவும் மாறும். ஊதா நிறம் அயோடின் ஆவியின் நிறம். அங்கே அயோடின் மூலக்கூறு கரைப்பானோடு வேதிமுறையில் பிணைப்பு எதுவும் கொள்ளவில்லை. பழுப்பு நிறம் கரைப்பானுக்கும் அயோடினுக்கும் இடையே தனித்த ஓர் ஈர்ப்பு ஏற்பட்டிருப்பதைக் காட்டுகிறது. ஊதாக் கரைசல்களை மட்டும் பிரித்தெடுத்து, வெவ்வேறு வெப்பநிலைகளில் அவற்றின் கரைதிறனை அளந்து வரைந்தபோது, வளைகோடுகள் யாவும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை போல ஒழுங்காக அமைந்தன. பழுப்புக் கரைசல்களின் கோடுகளோ அவ்வொழுங்கை மீறி வெட்டிச் சென்றன. நிறத்தைக் கண்ணால் கண்டே எது எக்குடும்பம் என்று சொல்லிவிடலாம்! ஆய்வுக்கு விலையுயர்ந்த கருவிதான் முதல் தேவை என்று எண்ணுவோர் இதைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும்.

இவ்வாறு ஒழுங்காக அமைந்த கரைசல்களுக்கு 1929-இல் ‘ஒழுங்குக் கரைசல்கள்’ என்று அவர் பெயரிட்டார். இவற்றில் மூலக்கூறுகள் நல்லியல்புக் கரைசலில் இருப்பதைப் போலவே தாறுமாறாகக் கலந்திருக்கின்றன; ஆகவே கலத்தலால் ஏற்படும் என்ட்ரோப்பி மாற்றம் இரண்டிலும் ஒன்றே. வேறுபடுவது வெப்பம் மட்டுமே. ஒரே வகை மூலக்கூறுகளின் கூட்டத்தைப் பிரித்து வேற்று மூலக்கூறுகளை உள்ளே விடுவதற்கு ஆற்றல் செலவாகிறது. அவ்வாற்றல் எவ்வளவு என்று தெரிந்துவிட்டால் கரைதிறனைக் கணக்கிட்டுவிடலாம் அல்லவா?

அவ்வாற்றலை அளக்கும் வழியும் எளிமையானதே. ஒரு நீர்மத்தின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று எவ்வளவு இறுகப் பற்றியுள்ளன என்பதை அதன் ஆவியாதல் வெப்பம் காட்டுகிறது. விரிவடைவதற்கான வேலையை அதிலிருந்து கழித்து, எஞ்சியதை மோல் பருமனால் வகுத்து, வர்க்கமூலம் கண்டால் கிடைக்கும் எண்ணே கரைதிறன் அளவெண். கிரேக்க எழுத்தான டெல்டாவால் இது குறிக்கப்படுகிறது. ஸ்காட்சார்டு என்ற அறிஞரும் தனித்து இதே வழியில் சிந்தித்தார் என்பதைச் சொல்லியாக வேண்டும். ஒரு கன சென்டிமீட்டருக்கு இத்தனை கலோரி என்ற அலகின் வர்க்கமூலத்தில் சொன்னால், ஹெக்சேனுக்கு 7.3, கார்பன் டெட்ராகுளோரைடுக்கு 8.6, டொலுயீனுக்கு 8.9, பென்சீனுக்கு 9.2, கார்பன் டைசல்பைடுக்கு 10.0, அயோடினுக்கு 14.1. இரு எண்களுக்கும் இடையேயுள்ள வேறுபாட்டின் வர்க்கமே கரைதலுக்கு எதிராக நிற்பது. எண்கள் நெருங்க நெருங்கக் கரைதிறன் கூடும். அயோடினின் 14.1-க்கு ஹெக்சேனைவிடக் கார்பன் டைசல்பைடு அருகில் உள்ளது. அளந்து பார்த்தால் ஹெக்சேனில் கரைவதைப்போலப் பத்து மடங்குக்கும் மேலான அயோடின் கார்பன் டைசல்பைடில் கரைகிறது.

‘ஒத்தது ஒத்ததைக் கரைக்கும்’ என்று பழைய வேதியியலார் சொல்லி வந்தனர். ஒப்புமையை எதைக்கொண்டு அளப்பது என்று அவர்கள் சொல்லவில்லை. அந்த இடத்தில் ஓர் எண்ணை வைத்ததே ஹில்டபிராண்டின் சாதனை.

ஆய்வகத்தில் பிறந்த இவ்வெண் பின்னர் தொழிற்சாலைக்குள்ளும் புகுந்தது. வண்ணப்பூச்சு, பசை, ரப்பர், பிளாஸ்டிக் ஆகிய தொழில்களில் எந்தப் பொருளுக்கு எந்தக் கரைப்பான் பொருந்தும் என்று தேர்ந்தெடுக்க இவ்வட்டவணைகள் பயன்படுகின்றன. தெர்மோகோல் என்று நாம் வழங்கும் பாலிஸ்டைரீனின் எண் ஏறத்தாழ 9.1, டொலுயீனின் எண் 8.9. மேடை அலங்காரத்திற்கு வெட்டிய தெர்மோகோல் எழுத்துகள் மீது டொலுயீன் கலந்த தின்னர் பட்டால் அவை ஏன் குழைந்து போகின்றன என்பது இப்போது விளங்கும். நீர், ஆல்கஹால் போன்று ஹைட்ரஜன் பிணைப்பு உடையவற்றுக்கு இந்த ஒற்றை எண் போதாது. ஹில்டபிராண்டே தம் கோட்பாட்டின் எல்லையை இவ்வாறுதான் வகுத்திருந்தார். 1967-இல் ஹான்சன் என்பவர் இதை மூன்று கூறுகளாகப் பிரித்து விரிவாக்கினார்.

ஆழ்கடலில் ஹீலியம்

கரைதிறன் ஆராய்ச்சி மனித உயிரோடு நேரடித் தொடர்பு கொண்ட ஒரு நிகழ்ச்சியும் உண்டு. ஆழ்கடலில் மூழ்குவோர் அழுத்தம் மிகுந்த காற்றைச் சுவாசிக்கும்போது நைட்ரஜன் இரத்தத்திலும் திசுக்களிலும் மிகுதியாகக் கரைகிறது. அவர்கள் விரைந்து மேலே வந்தால், சோடாப் புட்டியைத் திறந்ததும் வாயு பொங்குவதைப்போல உடலுக்குள்ளேயே குமிழிகள் தோன்றி, கடும் வலியும் சில வேளைகளில் மரணமும் விளைகின்றன. ஹீலியம் நைட்ரஜனைவிடக் குறைவாகக் கரைவது. ஆகவே நைட்ரஜனுக்கு மாற்றாக ஹீலியத்தை ஆக்சிஜனோடு கலந்து கொடுக்கலாம் என்று ஹில்டபிராண்ட் கருதினார். சேயர்ஸ், யான்ட் ஆகியோருடன் சேர்ந்து அவர் அளித்த அறிக்கை 1925-இல் வெளிவந்தது. 1939-ஆம் ஆண்டு மே 23-ஆம் நாள் அமெரிக்காவின் ‘ஸ்குவாலஸ்’ என்னும் நீர்மூழ்கிக் கப்பல் நியூ ஹாம்ப்ஷயர் கடற்கரைக்கு அப்பால் ஏறத்தாழ 240 அடி ஆழத்தில் மூழ்கியது. 26 பேர் இறந்தனர். 33 பேர் மீட்கப்பட்டனர். அம்முப்பத்து மூவரையும் காப்பாற்றியது ஹீலியக் கலவையே என்று சிலர் எழுதியிருக்கின்றனர். அது அத்துணைச் சரியன்று. அவர்களை மேலே கொண்டுவந்தது மணி வடிவ மீட்புக் கூண்டு. பின்னர் பல மாதங்கள் நடந்த கப்பலைத் தூக்கும் பணியிலேதான் கடலடிப் பணியாளர்கள் ஹீலியக் கலவையைச் சுவாசித்து வேலை செய்தனர். உண்மையே போதுமான புகழைத் தருகிறபோது மிகைபடக் கூறுவானேன்?

ஓய்வுக்கு முன்னும் பின்னும்

அறுபது வயதைக் கடந்த பின்னும் அவருடைய ஆராய்ச்சி தளரவில்லை. 1949-இல் பெனேசி என்ற இளைஞருடன் சேர்ந்து, பென்சீன் போன்ற கரைப்பான்களில் அயோடின் புற ஊதாப் பகுதியில் புதிதாக ஓர் உட்கவர் பட்டையைத் தருவதைக் கண்டறிந்தார். பழைய ‘ஊதா-பழுப்பு’ச் சிக்கலின் தொடர்ச்சியே இது. இக்கண்டுபிடிப்பு மல்லிகன் என்ற அறிஞரைத் தூண்ட, மின்சுமை மாற்ற அணைவுகள் பற்றிய கோட்பாடு உருவாயிற்று. பெனேசி-ஹில்டபிராண்ட் முறை இன்றும் நிறமாலையியல் ஆய்வில் கையாளப்படுகிறது. அப்போது ஹில்டபிராண்டுக்கு வயது அறுபத்தேழு. அதே ஆண்டில், ஒன்றோடொன்று கலவாத ஏழு நீர்மங்கள் ஒரே குழாயில் ஏழு அடுக்குகளாக நிற்பதைக் காட்டிக் கட்டுரை எழுதினார். அடியில் பாதரசம், உச்சியில் ஹெப்டேன். இடையே காலியம், பாஸ்பரஸ், நீர், அனிலீன் முதலியவை. இது வெறும் வேடிக்கை என்று தோன்றலாம். கலத்தலைப் புரிந்துகொள்ள வந்தவர் கலவாமையையும் கண்முன் நிறுத்திப் பார்த்தார் என்றே நான் கொள்கிறேன்.

1952-இல் எழுபது வயதில் ஓய்வு வந்தது. ஆயினும் ஆய்வு தொடர்ந்தது. ஓய்வுக்குப் பின் அவர் எடுத்துக்கொண்டவற்றுள் முக்கியமானது, நீர்மத்தினுள் மூலக்கூறுகள் எவ்வாறு இயங்குகின்றன என்பது. நீர்மத்தை ஏறத்தாழ ஒரு திண்மப்பொருளாகக் கருதி, மூலக்கூறு ஓர் இடத்திலிருந்து அடுத்துள்ள வெற்றிடத்திற்குத் தடையைத் தாண்டிக் குதிக்கிறது என்று பலர் கருதி வந்தனர். ஹில்டபிராண்ட் அதை ஏற்கவில்லை. நீர்மம் விரியும்போது உண்டாகும் சிறிதளவு கூடுதல் இடமே அதன் ஓடுந்தன்மையை முடிவு செய்கிறது என்று, 1913-இல் பாட்சின்ஸ்கி கூறி மறக்கப்பட்டிருந்த எளிய தொடர்பை மீட்டெடுத்து வாதிட்டார். இப்பொருள்பற்றிய அவருடைய நூல் 1977-இல் வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது 95.

இக்காலத்தில் அவர் நடத்திய மற்றொரு வாதம் நம் மாணவர்களுக்குப் பெரிதும் பயன்படும். எண்ணெய் நீரில் கரையாததை விளக்க ‘நீர்வெறுப்பு’ என்ற சொல்லை உயிர்வேதியியலார் வழங்குகின்றனர். புரதங்கள் மடிவதற்கும் செல் சவ்வுகள் அமைவதற்கும் அதையே காரணமாகக் கூறுகின்றனர். 1968-இல் ஒரு முறையும், 1979-இல் தம் 97-ஆம் வயதில் மற்றொரு முறையும் ஹில்டபிராண்ட் இச்சொல்லைக் கண்டித்து எழுதினார். எண்ணெய் நீரை வெறுக்கிறதா? கணக்கிட்டுப் பார்ப்போம். நீரின் பரப்பு இழுவிசை ஏறத்தாழ 72, ஹெக்சேனுடையது 18, இரண்டும் சந்திக்கும் இடைப்பரப்பில் 51. நீரின் எண்ணையும் ஹெக்சேனின் எண்ணையும் கூட்டி 51-ஐக் கழித்தால் 39 வருகிறது. இவ்விரண்டையும் ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பிரித்தெடுக்கச் சதுர சென்டிமீட்டருக்கு 39 எர்க் ஆற்றல் வேண்டும் என்பது பொருள். ஹெக்சேனை ஹெக்சேனிலிருந்து பிரிக்க வேண்டியதோ 18-இன் இருமடங்காகிய 36 மட்டுமே. ஆக, ஹெக்சேன் தன் இனத்தைவிட நீரைச் சற்று அதிகமாகவே பற்றுகிறது! வெறுப்பு எங்கே இருக்கிறது? நீர் தன்னைத்தானே பற்றிக்கொள்ளும் வலிமைதான் (72-இன் இருமடங்கு, 144) எண்ணெயை வெளியே தள்ளுகிறது.

டான்ஃபர்ட் என்ற அறிஞர் அதே ஆண்டில், அதே இதழில் மறுமொழி எழுதினார். நீர் மூலக்கூறுகளின் தற்பற்றுதான் இவ்விளைவுக்குக் காரணம் என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அளவீடுகளும் அதற்கு முரணாக இல்லை. எனவே இவ்விளைவு உண்மை, பெயரும் இருக்கலாம் என்பது அவர் கட்சி. உலகம் டான்ஃபர்ட் பக்கமே நின்றது. ‘நீர்வெறுப்பு’ என்ற சொல் இன்றும் எல்லாப் பாடநூல்களிலும் இருக்கிறது. சொல்லளவில் ஹில்டபிராண்ட் தோற்றுவிட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். வயது முதிர்ந்தவர் என்பதற்காக எவரும் அவருக்கு விட்டுக்கொடுக்கவில்லை. அவரும் அதை எதிர்பார்த்துப் பேனா எடுத்தவராகத் தெரியவில்லை. ஆனால் மேலே காட்டிய கூட்டல் கழித்தலை ஒருமுறை போட்டுப் பார்த்த மாணவன் அச்சொல்லை இனி அப்படியே ஒப்பிக்க மாட்டான்.

ஆய்வகத்திற்கு வெளியே

உடல் நலத்தைப் பேணுவதிலும் அவர் குறைந்தவரல்லர். மலையேற்றமும் பனிச்சறுக்கும் அவருடைய பொழுதுபோக்குகள். 1936-இல் ஜெர்மனியில் நடைபெற்ற குளிர்கால ஒலிம்பிக் போட்டிக்குச் சென்ற அமெரிக்கப் பனிச்சறுக்கு அணியின் மேலாளராக இருந்தார். இயற்கைப் பாதுகாப்பில் புகழ்பெற்ற சியரா கழகத்திற்கு 1937 முதல் 1940 வரை தலைவராக விளங்கினார். மலையில் முகாமிடுவோர் சமைப்பது குறித்துத் தம் மகளுடன் சேர்ந்து ஒரு சிறு நூலும் எழுதியுள்ளார். வேதியியல் பேராசிரியர் சமையல் நூல் எழுதுவதில் வியப்பில்லை. கரைத்தல், கொதிக்க வைத்தல், வடித்தல் எல்லாம் அவர் அறியாதவையா என்ன?

அமெரிக்க வேதியியல் கழகம் அவரை 1955-இல் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. 1962-இல் பிரீஸ்ட்லி பதக்கம் அளித்தது. பெர்க்லியில் 1960-களில் எழுப்பப்பட்ட ஆய்வுக்கூடம் ஒன்றிற்கு, அவர் வாழ்ந்த காலத்திலேயே அவர் பெயர் சூட்டப்பட்டது. நோபல் பரிசு அவருக்குக் கிடைக்கவில்லை.

நீர்மங்கள் பற்றிய ஆய்வுக்காக வேதியியல் கழகம் ஹில்டபிராண்ட் பெயரில் ஒரு பரிசை நிறுவி, அதை முதன்முதலாக 1981-இல் அவருக்கே வழங்கியது. அவருடைய நூறாவது பிறந்தநாள் வந்த ஆண்டு அது. அதே ஆண்டில் இயற்பிய வேதியியல் ஆண்டுத் தொகுப்பு ஒன்றில் அவருடைய கட்டுரை வெளிவந்தது. தலைப்பு, ‘கரைசல் கோட்பாட்டின் வரலாறு’. அவ்வரலாற்றின் பெரும்பகுதி எழுதியவர் கண்முன்னேயே நடந்தது. ஒரு பகுதி அவர் கையாலேயே நடந்தது. அதன்பின் ஒன்றரை ஆண்டுகளில், கலிபோர்னியாவில் பெர்க்லியை அடுத்த கென்சிங்டனில் அவர் உயிர் பிரிந்தது. 1908-இல் மணந்த மனைவி எமிலி அவருக்குப் பின்னும் உயிரோடு இருந்தார்.